ரெண்டு பெல்லுக்கு யார் போவது

ஜூலை 1, திங்கள்

நாற்காலி மாறினேன்.

ஆய்வு மாணவர் அறையில் கதவோர நாற்காலி கடைசியாகச் சேர்ந்தவருக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது முதலில் சேர்ந்தவருக்கு. இடைப்பட்டவர்கள் இடையில். யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கதவோரம் இருந்தேன். இன்று புதிதாக ஒரு பெண் வந்தாள். நான் ஒரு நாற்காலி உள்ளே தள்ளிவிட்டேன். இங்கே காற்று வருகிறது. சுவரில் சாயலாம்.

என் ஆய்வுத் தலைப்பு: பல்கலைக்கழக மாணவர்களிடையே சமூகப் படிநிலை, அதிகாரம் குறித்த மனப்பான்மைகள். அதற்கும் நாற்காலிக்கும் தொடர்பில்லை. காற்றுக்காகத்தான் மகிழ்ந்தேன்.

புதியவள் பெயர் இசக்கியம்மாள். பாக்கியநாதன் அண்ணன் அவளிடம் ஊர் கேட்டார். மின்விசிறிக்குக் கீழே இருப்பவர் அவர்தான். ஆய்வேட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்கப்போவதாக நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிவருகிறார்.

"வள்ளியூர் பக்கம்ணே."

"பக்கம்னா?"

"பக்கத்துலதான்."

"ஊருக்குள்ள எந்தத் தெரு?"

"பரோட்டாக் கடை இருக்க தெரு. எங்க ஊருல எல்லாத் தெருவுலயும் பரோட்டாக் கடை உண்டு."

ஹசீனா அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். அண்ணன் கணினித் திரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

துணி துவைத்தேன். விடுதியில் தண்ணீர் எட்டு மணிக்கே நின்றுவிட்டது. பாதி சோப்போடு காய்கிறது.

இசக்கிக்கு அறையின் நடைமுறைகளைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஏனென்றால் அவளுக்கு அடுத்தவள் நான். எனக்கு ஹசீனா அக்கா சொல்லிக் கொடுத்தார். அவருக்கு பாக்கியண்ணன்.

துறைத்தலைவர் அறையிலிருந்து பெல் அடிக்கும். ஒரு பெல் என்றால் அலுவலக உதவியாளர் அருளண்ணனுக்கு. இரண்டு பெல் என்றால் நம் அறையில் ஆக இளையவருக்கு. உடனே எழுந்து போக வேண்டும். உள்ளே போனதும் "கூப்பிட்டீங்களா சார்" என்று கேட்கக் கூடாது. கூப்பிட்டது தெரியவில்லையா என்று ஆகிவிடும். "சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். அவராக வேலை சொல்வார்.

இசக்கி ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். குறிப்பெடுக்கவில்லை. நான் எடுத்திருந்தேன்.

அவள் நிலைமையும் தெரிந்தது. தவமணி மேடத்திடம் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தவள். பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மாறி வந்திருக்கிறாள். வந்த நேரத்தில் மேடத்துக்கு ஓய்வு. இந்த மாதம் முப்பத்தொன்றோடு போகிறார். அதற்குள் வேறு நெறியாளர் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. துறையில் இடம் இருப்பது என் நெறியாளரும் தலைவருமான நெல்லைநாயகம் சாரிடம் மட்டும்.

"ரத்தானா என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"மார்பிள் கடைக்காரரக் கட்டணும்."

"என்னது?"

"மாப்பிள்ளைக்கா. போன வருசமே பாத்துட்டுப் போனாரு. ‘படிப்பு நின்னா ஒரு போன் போடுங்க’ன்னு எங்கம்மாட்ட நம்பர் குடுத்திருக்காரு. ரயில்ல ஆர்.ஏ.சி. மாதிரி நிக்காரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

ஜூலை 4, வியாழன்

பதினோரு மணி. இரண்டு பெல்.

இசக்கி படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"இசக்கி. பெல்."

"கேட்டுச்சுக்கா."

"போ."

"நம்மளத்தான் கூப்புடுதாருன்னு யாரு சொன்னா?"

பாக்கியண்ணன் திரும்பினார். "எனக்கு எங்க சீனியர் சொன்னாரு."

"அவருக்குண்ணே?"

"அவரு சீனியர்."

"மொதல்ல சொன்னது யாரு?"

"அவரு இப்ப ஒரு காலேஜ்ல பிரின்சிபாலா இருக்காரு தெரியுமா?" என்றார் அண்ணன். அதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா என்பது போல.

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. சார் காத்திருப்பார். நான் எழுந்து ஓடினேன். நகல் எடுக்க ஒரு தாள் கொடுத்தார். ஒற்றைத் தாள். கொண்டுவந்து கொடுத்தபோது என் மூன்றாம் இயல் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார். முடியப்போகிறது சார் என்றேன். இன்னும் தொடங்கவில்லை.

மாலையில் தொடங்கினேன்.

ஜூலை 5, வெள்ளி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டதாம். இங்கே வெறும் காற்று. கொடியில் போட்ட துப்பட்டா அடுத்த விடுதிக்குப் போய்விட்டது.

ஜூலை 9, செவ்வாய்

எம்.ஏ. முதலாண்டு வகுப்பில் என் வினாநிரல். அந்த வகுப்பு ஆசிரியரே என்னை அழைத்துச் சென்று, மேசையைத் தட்டி, "எல்லாரும் நிரப்பணும், பேசக் கூடாது, பக்கத்துல பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் நிரப்பினார்கள். பேசவில்லை.

ஏழாவது கூற்று: ‘ஆசிரியர் ஒன்றைச் சொன்னால் காரணம் கேட்காமல் செய்வேன்.’ ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"மேடம், இதுல எதுக்கு டிக் போடணும்?"

"உங்களுக்கு எது சரின்னு தோணுதோ அதுக்கு."

"உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க மேடம், போட்டுருதோம்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ. வகுப்பு முழுக்க ‘முற்றிலும் மறுக்கிறேன்’. ஒரே வரிசையில், ஒரே அழுத்தத்தில்.

மேடம் என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை. குறித்துவைக்கும் அளவு முக்கியமல்ல.

ஜூலை 11, வியாழன்

இரண்டு பெல். இசக்கி நகரவில்லை. நானே போனேன்.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அந்தப் புதுப் பொண்ணு எங்க?"

என்ன கேட்கிறார் என்று புரிந்தது. ஆக இளையவள் வராமல் நீ ஏன் வந்தாய்? அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது. அவள் நெறியாளர் ஆகவேண்டியவர் இவர்தான்.

"லைப்ரரிக்குப் போயிருக்கா சார்."

"ம்."

கோபமில்லை. தப்பித்தோம்.

இது பொய் ஆகாது. நேற்று நூலகம் போயிருந்தாள்.

ஜூலை 15, திங்கள்

காலையில் இரண்டு பெல். "புதுப் பொண்ணு?" "பேங்க்குக்குப் போயிருக்கா சார்."

மாலையில் மறுபடியும். "ஊருக்குப் போயிட்டா சார். அவங்கம்மாவுக்கு முடியல."

"ம்" என்றார்.

திரும்பி வந்தபோது இசக்கி தன் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கை கொடுத்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்வாள். அதற்காகச் செய்யவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மூன்றாம் இயலின் முதல் பத்துப் பக்கத்தை சார் படித்துவிட்டார். ஓரத்தில் பென்சிலால் ‘நன்று’. வேறு யாருடைய இயலையும் அவர் ஒரு மாதத்துக்குள் திறந்ததில்லை என்று ஹசீனா அக்கா சொன்னார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பெல்லுக்கு நான் போவதால் அல்ல. இயல் நன்றாக இருந்ததால்.

ஜூலை 18, வியாழன்

மாடிப்படி ஓரம் குளிர்ந்த தண்ணீர் இயந்திரம் இருக்கிறது. ‘ஆசிரியர்களுக்கு மட்டும்’ என்று தாள் ஒட்டியிருக்கும். நாங்கள் கீழே தொட்டித் தண்ணீர் குடிப்போம். வெந்நீர் மாதிரி இருக்கும்.

இசக்கி பாட்டிலில் குளிர்ந்த தண்ணீரோடு வந்தாள்.

"யாரு குடுத்தா?" என்றார் பாக்கியண்ணன்.

"குழாயத் தெறந்தேன். வந்துச்சு."

"அங்க எழுதியிருக்கத நீ பாக்கலயா?"

"பாத்தேண்ணே. நானும் ஆசிரியர்தான். ஆறு வருசம் எட்டாங்கிளாசுக்குப் பாடம் எடுத்திருக்கேன். மெசினுக்கு அது தெரிஞ்சிருக்கும் போல."

அண்ணன் அரைமணி நேரம் ஒழுங்கு என்றால் என்ன என்று பேசினார். நடுவில் தாகம் எடுத்து அவள் பாட்டிலில் இருந்தே குடித்தார்.

விதிகளை மீறுகிறவர்களைப் பற்றி என் ஆய்வில் ஒரு பகுதி இருக்க வேண்டும். யோசித்தேன்.

மதியம் என் பாட்டிலையும் அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 22, திங்கள்

அவள் பெல்லுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. நான்தான் போகிறேன். இன்று இளநீர். வெயிலில் பிரதான வாசல் வரை நடந்தேன்.

"நீதான் அவளக் கெடுக்க" என்றார் பாக்கியண்ணன். "ஒரு வாரம் பெல்லுக்குப் போகட்டும், சார் கண்ணுல படட்டும், கையெழுத்து தானா விழும். எங்க காலத்துல..."

"உங்க காலம் இன்னும் முடியலயேண்ணே" என்றார் ஹசீனா அக்கா.

ஜூலை 24, புதன்

இசக்கி தவமணி மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். நேராக என்னிடம் வந்து நின்றாள். முதல் தடவையாக அவள் உட்காராமல் நிற்பதைப் பார்க்கிறேன்.

"வேணிக்கா. நான் எப்ப ஊருக்குப் போனேன்?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தது.

"எங்கம்மாவுக்கு என்ன சீக்கு?"

மேடம் சாரிடம் பேசியிருக்கிறார். சார் சொன்னாராம்: அந்தப் பொண்ணு டிபார்ட்மென்ட்லயே இருக்கதில்ல மேடம், எப்பக் கேட்டாலும் லைப்ரரி, பேங்க், ஊரு. இருக்க ஆளையே சமாளிக்க முடியல. இல்லாத ஆள எப்படி எடுக்க?

நடந்ததை எல்லாம் சொன்னேன். உன் நன்மைக்காகத்தான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் மேசை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேங்கா. இன்னும் ஒரு வாரம்தான். மார்பிள் கடைக்காரரு நல்லவருதான், ஆனா எப்பப் பாத்தாலும் டைல்ஸப் பத்தித்தான் பேசுவாரு. வழவழப்பு, சொரசொரப்பு. என்னால முடியாது."

"நான் சார்ட்ட போய்ச் சொல்லுதேன்."

"நீங்க தனியாப் போனா ‘சார்’னு சொல்லிட்டு நிப்பீங்க. அவரு எளநீ வாங்கிட்டு வரச் சொல்லுவாரு. நாளைக்கு ரெண்டு பேரும் போவோம்."

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இரண்டு தோசைதான்.

ஜூலை 25, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பெல் அடிக்காமலேயே போனோம். அதுவே புதிது. கதவைத் தட்டி உள்ளே போனதும் இசக்கி எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியும் காலியாகத்தான் இருந்தது. நான் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், நான் இசக்கியம்மாள். தினமும் இங்கதான் இருக்கேன். ஒரு நாளும் லீவு போடல. எங்கம்மா நல்லா இருக்காங்க."

சார் என்னைப் பார்த்தார். "வேணி, நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா சார். தப்புத்தான் சார்."

"எதுக்குச் சொன்னீங்க?"

"ரெண்டு பெல்லுக்கு இவ வரலன்னு நீங்க கோவப்படக் கூடாதுன்னு..."

"எந்த ரெண்டு பெல்?"

நான் இசக்கியைப் பார்த்தேன். அவள் சாரைப் பார்த்துக் கேட்டாள். பச்சைக் குழந்தை கேட்பது மாதிரி.

"சார், நீங்க ரெண்டு பெல் அடிச்சா அது யாருக்கு?"

"அருளப்பனுக்கு."

"ஒரு பெல் அடிச்சா?"

"அதுவும் அருளப்பனுக்குத்தான். ஒரு காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். மொத பெல் சில சமயம் கேக்காது. அதனால இன்னொன்னு அடிப்பேன். வேற யாருக்கு அடிக்கப் போறேன்?"

நாற்காலியின் முதுகை விட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். கேட்காமல்.

"அப்ப நாங்க வந்தா சார்..."

"அதத்தாம்மா நானும் தலைவரா வந்ததுலேர்ந்து யோசிக்கேன்" என்றார். குரல் தாழ்ந்தது. ஏதோ சொந்தக் கஷ்டத்தைச் சொல்கிறவர் போல. "பெல் அடிச்சா அருளப்பனக் காணும். ஒரு ஸ்காலர் வந்து ‘சார்’னு சொல்லிட்டு நிக்கும். மேல பேசாது. ஏதோ கேக்க வந்திருக்கு, கூச்சப்படுதுன்னு நெனைப்பேன். சும்மா திருப்பி அனுப்புனா மனசு கஷ்டப்படும்லா. அதான் கையில கெடைக்க ஏதாவது ஒரு தாளக் குடுத்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லுவேன். பாருங்க." மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரே தாளின் நகல்கள். பழைய சுற்றறிக்கை ஒன்று. கட்டாக.

"திங்கக்கெழம எளநீ வாங்கிட்டு வரச் சொன்னீங்களே சார்."

"எனக்கு எளநீயே ஆகாதும்மா. சளி புடிச்சிரும். நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல. அத அருளப்பன் குடிச்சாரு."

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சாரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பெல்லு சமாச்சாரம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு உக்காந்து வேலை பாக்காளா, எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். மூணு தடவ கேட்டேன், மூணு தடவயும் இல்லாத ஒண்ணச் சொல்லியிருக்கீங்க. நான் மேடத்துட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். சொன்ன வாயால எப்படி மாத்திச் சொல்ல?"

"நீங்க தலைவர்தான சார்?" என்றாள் இசக்கி.

"அதுதாம்மா பிரச்சினை. யோசிச்சுச் சொல்லுதேன்."

வெளியே வந்தோம். அருளண்ணன் முக்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு பெல் அடித்தால் நீங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"நான் எந்திரிக்கதுக்குள்ள நீங்க ஓடிருதீங்களே. சார்ட்ட நல்ல பேரு எடுக்கதுக்கு ஓடுதீங்க, நாம எதுக்குக் குறுக்கன்னு உக்காந்துக்கிடுவேன்."

ஜூலை 26, வெள்ளி

அறையில் சொன்னோம். ஹசீனா அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. குளிர்ந்த தண்ணீர் கொடுத்தோம்.

பாக்கியண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். பிறகு போட்டார்.

"சார் பெருந்தன்மையாச் சொல்லுதாரு. உங்களுக்குப் புரியல."

"இல்லண்ணே, அருளண்ணனுக்குத்தான்னு அவரே..."

"எனக்கு மழையில குடையில்லாம ஓடிப் போயி டிக்கெட் எடுத்துக் குடுத்த அனுபவம் இருக்கு. அது அருளப்பனுக்கு அடிச்ச பெல்லுன்னு சொல்லுதியா?"

ஆமாம் என்று சொல்ல முடியாது. அவருடைய அத்தனை வருஷ ஓட்டம்.

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "அந்த டிக்கெட்ல சார் ஊருக்கே போகல. இப்பத்தான் ஞாபகம் வருது."

அப்புறம் நால்வரும் சேர்ந்து சிரித்தோம். அண்ணன்தான் கடைசியில் நிறுத்தினார்.

சிரித்து முடித்ததும் இசக்கி நாள்காட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஜூலை 29, திங்கள்

இரண்டு பெல். உட்கார்ந்திருந்தேன்.

கஷ்டம்.

அருளண்ணன் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. ரொம்ப மெதுவாகப் போனார். அவர் போய்ச் சேரும்வரை ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

இசக்கியைப் பற்றி சாரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

வரவில்லை.

தவமணி மேடத்தின் பிரிவு விழா. பொன்னாடைகள். மேடை நாற்காலியில் யார் நடுவில் உட்காருவது என்று சற்று நேரம் எல்லோரும் நின்றார்கள். சார் எங்கள் பக்கம் பார்த்தார், பார்க்காதது போல இருந்தார்.

விழா முடிந்ததும் இசக்கி தன் புத்தகங்களைப் பையில் அடுக்கினாள். எதற்கும் இருக்கட்டும் என்றாள். அவள் அம்மா போன் செய்தார். "இன்னும் சொல்லலமா. நீ அவருக்குப் போன் போட்டுராத" என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் போய் சாரிடம் மறுபடி பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் வேணி. நீ பேசுனது போதும்" என்றாள். கோபமாக இல்லை. சிரித்தாள்.

வேணி என்றாள். அக்கா இல்லை. நல்லது. நான் விரும்புவதும் இதைத்தான். இரண்டு தடவை யோசித்துப் பார்த்தேன். இதைத்தான்.

ஜூலை 31, புதன்

பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை. ஒரு மணி. சாப்பிட உட்கார்ந்தோம். மேசைகளைச் சேர்த்து, சுவரோரப் பெஞ்சை இழுத்துப் போட்டு, செய்தித்தாள் விரித்து நான்கு டப்பாக்களும் திறந்தாயிற்று. இசக்கி தயிர்சாதம், உருளைக்கிழங்கு பொடிமாஸ். இன்று கடைசி நாள், கொஞ்சம் கூடவே கொண்டுவந்தேன் என்றாள். ஹசீனா அக்கா எல்லோருக்கும் மீன் வறுவலைப் பங்கு வைத்தார்.

இரண்டு பெல்.

யாரும் எழவில்லை. இனிமேல் இதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எல்லோர் கையிலும் சாதம்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு பெல். பிறகு காலடிச் சத்தம். அருளண்ணனின் செருப்பு அல்ல. ஷூ.

கதவில் சார். இந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. பாக்கியண்ணன் கையில் சோற்றோடு எழுந்து நின்றார். ஹசீனா அக்கா எழுந்தார். நான் எழுந்தேன். இசக்கி வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"இசக்கியம்மாள். ரெண்டு பெல் அடிச்சேன். மறுபடியும் ரெண்டு அடிச்சேன்."

"அது அருளண்ணனுக்குல்லா சார்."

"நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க, ரெண்டு பெல்லுன்னா ஸ்காலர்னு. நல்ல ஏற்பாடா இருக்கேன்னு உங்களுக்காகத்தான் அடிச்சேன்."

"அத மாத்தியாச்சு சார்."

"யாரு மாத்துனா?"

"நீங்கதான் சார்."

சார் யோசித்தார். எங்கள் டப்பாக்களைப் பார்த்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். நாங்கள் அவர் அறையில் நிற்பது போல.

"சாப்ட்டீங்களா சார்?" என்றாள் இசக்கி.

"இல்லம்மா. வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்க. கேன்டீன்ல சொல்லணும்."

"அப்ப உக்காருங்க."

பெஞ்சில் தள்ளி இடம் விட்டாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம், அண்ணனைத் தவிர. டப்பா மூடியில் தயிர்சாதம் வைத்து, மேலே பொடிமாஸ் வைத்துக் கொடுத்தாள். சார் கையால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்குப் பிறகுதான் பேசினார்.

"காலைல கையெழுத்துப் போட்டுட்டேன். மேடம்ட்ட குடுத்தாச்சு, ஆபீசுக்கும் போயிட்டு. திங்கக்கெழம உங்க தலைப்பப் பத்திப் பேசுவோம்."

இசக்கி பொடிமாஸ் டப்பாவை அப்படியே அவர் மூடியில் கவிழ்த்தாள். பிறகு இடது கையால் போனை எடுத்துத் தட்டினாள். "எம்மா. மார்பிளு வேண்டாம்னு சொல்லிரு." வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. மிளகாய் கூடிப்போச்சு என்றாள்.

"ஒரு கண்டிசன்" என்றார் சார். "லைப்ரரிக்குப் போனா நீங்களே சொல்லிட்டுப் போங்க. இவங்க சொல்லக் கூடாது."

என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"பாக்கியநாதன், உக்காருங்க. எத்தன வருசமா நிக்கீங்க" என்றார் சார்.

அண்ணன் உட்காரப் போனார். அப்போதுதான் அது அடித்தது. சாரின் காலி அறையிலிருந்து. இரண்டு பெல்.

அண்ணன் உட்காராமல் நிமிர்ந்தார். சாரும் மூடியைப் பிடித்தபடி பாதி எழுந்துவிட்டார். "என் ரூம்ல யாரு அடிக்கா?"

வராந்தாவிலிருந்து அருளண்ணனின் குரல். "சார்! வி.சி. ஆபீஸ்லேர்ந்து போன்! லைன்ல இருக்காங்க! எத்தன தடவ அடிக்க!"

"போங்க சார்" என்றாள் இசக்கி. "ரெண்டு பெல். உங்களுக்குத்தான்."

சார் மூடியை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினார். கை கழுவவில்லை.

அந்தப் பெல்லுக்கு நான் எழவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது.